முடியாத ஓலை

ஐயர் ஜெபநேசனின் குரல் யோப்பாவிளைக் கோயிலில் தங்கிப்போனது ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில், காணிக்கைப் பாட்டுக்கு முந்தி. அவர் இறங்கிவிட்டார், குரல் இறங்கவில்லை, பிரசங்கபீடத்திலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது, எப்படி நிற்கும் என்று கேட்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். நின்றது. அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், அவர் சம்சாரத்தை ஐயரம்மா என்போம். சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓலை என்பதும் அப்படித்தான், பனைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசித்து, தடை தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்பதற்குப் பெயர் ஓலை. மூன்று ஓலையும் பெண்ணின் சொந்தக் கோயிலில் வாசித்து முடியாமல் எந்த ஐயரும் தாலியைத் தொடமாட்டார். கேள்வி முடிந்ததும் ஐயர் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அந்த அமைதியில் பிள்ளைகளின் வாயைக்கூடத் தாய்மார் பொத்துவார்கள். ஒருமுறை ஒருவன் தும்மிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் அவன் சாகும்வரை அவனோடு பேசவில்லை, அடக்கத்துக்கும் வரவில்லை.

அந்த அமைதி வருவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்ததுதான் யோப்பாவிளை செய்த தப்பு.

ஹெப்சிபா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோயிலில் ஆர்கன் வாசிப்பவளும் அவள்தான். தாயும் தகப்பனும் போன பிறகு அவளைக் கொண்டுபோய் வளர்த்துப் படிக்கவைத்தவர் தாய்மாமன் தங்கப்பழம். கடைத்தெருவில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவர், சபைக்குச் செயலாளர், வாய் பெரிது, முட்டிவலிக்காரர். லீதியாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிறவள், நாலு தெரு தள்ளிப் பிறந்தவள், அவளும் இதே கோயிலில்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். இருவரும் ஒரே வீட்டில் வெகுகாலமாக இருந்தார்கள், ஊருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் எங்கள் ஊர் கெட்டி. மாப்பிள்ளை பார்ப்பதை மட்டும் தங்கப்பழம் விடவில்லை. அவர் கொண்டுவந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஹெப்சி காப்பி கொடுத்து அனுப்பினாள், லீதியாள் அவர்களுக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக் கலக்கினாள்.

அவர்கள் ஐயரிடம் போய் ஓலை கேட்டார்கள். சட்டம் தங்களுக்குக் காகிதம் தராது என்று அவர்களுக்குத் தெரியும், ஐயருக்கும் தெரியும். காகிதம் கேட்கவில்லை. தங்கள் பெயர் இரண்டும் தாங்கள் பிறந்த கோயிலில் ஒருசேர வாசிக்கப்பட வேண்டும், அது போதும் என்றார்கள். ஜெபநேசன் ஐயர் ஒல்லி, இழுப்புக்காரர், எந்தப் பெயரைச் சொல்லும் முன்பும் ஒரு செருமல் செருமுவார், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். ஜெபிப்போம் என்றார். அடுத்த முறையும் ஜெபிப்போம் என்றார். ஒரு வருஷம் ஜெபிப்போம் என்றார்.

பிறகு ஒருநாள் லீதியாள் கேட்டாள். “ஐயரே, ஒரு வருஷமா ஜெபிக்கீங்க. பதில் வந்துச்சா வரலியா?”

ஐயர் செருமினார். “வந்து ஆறு மாசம் ஆச்சும்மா. பயந்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த ஞாயிறு பயம் தீர்ந்து வந்தாரா, பயத்தோடேயே வந்தாரா, அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். பீடத்தில் ஏறினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், செருமினார், எல்லா ஓலையையும் வாசிக்கிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், இந்தச் சபையைச் சேர்ந்த ஹெப்சிபாவும் இந்தச் சபையைச் சேர்ந்த லீதியாளும் பரிசுத்த விவாகத்தில் இணைய விரும்புகிறபடியால் இதற்கு நியாயமான தடை அறிந்தவர் யாராவது என்று வாசித்துக்கொண்டு வந்தார். இருந்தால் என்ற சொல் வருவதற்குள் தங்கப்பழம் எழுந்துவிட்டார்.

“நிறுத்தும்வே” என்றார்.

ஐயரை வே போட்டு ஒருவர் பேசியது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவை. அதன்பிறகு ஆண்கள் பக்கம் முழுக்க எழுந்தது, பெண்கள் பக்கம் பாதி எழுந்தது, பாட்டுப் புத்தகங்கள் பறந்தன, யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள், யாரோ ஐயரின் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள். ஐயர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினார். அவர் இறங்கி, கதவைத் தாண்டி, வாசல் மணலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, ஆளில்லாத பீடத்தில் ஒரு செருமல் கேட்டது. இந்தச் சபையைச் சேர்ந்த ஹெப்சிபாவும் என்று குரல் மறுபடியும் ஆரம்பித்தது. யாராவது என்கிற இடத்துக்கு வந்தது, நின்றது.

மைக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். மைக் செட் போடுகிற பையன் கம்பியை உருவினான், பெட்டியைத் திறந்தான், பிறகு கரண்டையே நிறுத்தினான். குரல் நிற்கவில்லை. அதற்குக் கரண்டு தேவைப்படவில்லை. கோயில்குட்டியார் மாசிலாமணிதான், கோயிலைத் திறந்து பெருக்கி மணி அடிக்கிறவர், அதன் வழக்கத்தைக் கண்டு சொன்னார்: கதவு திறந்தால் ஒருதரம் சொல்லும், யாராவது பீடத்தில் ஏறினால் ஒருதரம் சொல்லும், பூட்டிய கோயிலுக்குள் சொல்லாது. கேட்க ஆள் வேண்டும் அதற்கு.

பேராயர் ஆபீசிலிருந்து மூன்று பேர் காரில் வந்தார்கள், கேட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கருப்பட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஜெபநேசன் ஐயரைப் பொறுப்பிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. ஐயர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வாடகைக்கு வீடு கொடுக்க ஊரில் ஆள் இல்லாததால் ஐயரும் ஐயரம்மா சுகிர்தமும் ஹெப்சி வீட்டு மாடி அறைக்குப் போனார்கள். ஐயர் பேசவில்லை, பேச முடியவில்லை. ஐயரம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அதற்கு முன்பும் அப்படித்தான் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள்.

புது ஐயர் வந்தார், சின்ன வயசு, பெயர் டார்வின். பெயர் அப்பன் வைத்தது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் ஞாயிறு பீடத்தில் ஏறினார். குரல் செருமியது. இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. ஓலையைச் சொல்லி முடித்து, முடிக்காமல் முடித்து, அது நின்றபின் இவர் பிரசங்கம் ஆரம்பித்தார். ஆனால் அந்த யாராவதுக்குப் பிறகு எதை ஆரம்பித்தாலும், படி இருக்கிறதென்று காலை வைத்து இல்லாத படியில் தடுக்குவதுபோல் சபை முழுக்க ஒருதரம் தடுக்கியது. பாட்டு அரைத்தாளம் பிந்தியது. ஆர்கனுக்கு ஹெப்சி வரவில்லை, வந்தவன் விரலை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

பீடத்தை எடுத்துவிடலாம் என்று தச்சரை வரவழைத்தார்கள். தேக்குப் பீடத்தைக் கழற்றி, அசனம் என்கிற கோயில் விருந்துக்குச் சமைக்கிற கிடாரங்களைப் போட்டுவைக்கிற கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். குரல் பீடத்தோடு போகவில்லை. அதே உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று ஓலை வாசித்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. பீடத்தைத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது. கோயில் கதவு திறந்ததும் குரல் சொல்லும், பெண்கள் அதற்குள் குடையை மடக்கி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு உட்காருவார்கள், ஆண்கள் செருப்பை ஓரமாகத் தள்ளுவார்கள், யாராவது என்று நின்றதும் எல்லாரும் பேச்சை நிறுத்தி, தலை குனிந்து, வராத சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கவென்றே பஸ் ஏறி வந்தார்கள், வாசலில் ஒருவன் கடலை விற்றான். உங்க ஊர்ல ஐயருக்கே வேலையில்ல போல, குரல் மட்டும் சம்பளமில்லாம ஊழியம் பாக்குது என்று அவர்கள் கேலி பேசியதை எங்கள் ஆட்கள் கேட்டும் கேட்காமல் நின்றார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்த ஓலையை மனப்பாடமாகச் சொன்னார்கள், செருமலோடு. பெரியவர்கள் அடித்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஹெப்சிபாவும் லீதியாளும் என்று காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, உப்பும் புளியும் என்பதுபோல் அது ஊரின் காதில் உட்கார்ந்துவிட்டது. முதலில் அந்தப் பெயர்களுக்குக் காதைப் பொத்திய கிழவர்கள் பிறகு பொத்தவில்லை. கை வலிக்கும்.

இதில் எதையும் தங்கப்பழம் பொறுத்துக்கொண்டிருப்பார், மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால்.

தையில் கல்யாணம். மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. டார்வின் ஐயர் ஷீபாவின் முதல் ஓலையை எடுத்துக்கொண்டு பீடத்தில் ஏறினார், வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து வந்தது ஷீபாவின் பெயர் இல்லை. செருமல் வந்தது, ஹெப்சிபாவும் லீதியாளும் வந்தார்கள், யாராவது வந்தது, நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், கழற்றிவிட்டு வாசித்தார், அதேதான். அடுத்த ஞாயிறு இன்னொரு வீட்டுப் பெண்ணின் ஓலை, அதுவும் அப்படியே. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவளுக்கு அளக்காமல் பின்னால் நிற்பவளுக்கு அளக்கமுடியாது என்று மாசிலாமணி சொன்னார். எல்லாருக்கும் அது முன்பே தெரியும், சொன்னதற்காக அவர்மேல் கோபப்பட்டார்கள்.

மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் வாசிக்கலாமா என்று தங்கப்பழம் கேட்டுப் போனார். பெண்ணின் கோயிலில் மூன்று ஓலை முடிந்ததென்று எழுதிக்கொண்டு வாரும் என்று அந்த ஊர் ஐயர் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டார் பந்தலுக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். தங்கப்பழம் இரண்டுநாள் கடையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு தாளில் நான் செய்தது பிழை, வாபஸ் வாங்குகிறேன் என்று ஐயர் சொல்வதுபோல் அவரே எழுதி எடுத்துக்கொண்டு ஹெப்சி வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் படியை அவர் மிதித்து மாசக்கணக்காகியிருந்தது. ஹெப்சி நாற்காலி எடுத்துப்போட்டாள், உயரமான நாற்காலி, முட்டி மடக்காமல் உட்காருவதற்கு. அவர் நின்றுகொண்டே பேசினார். ஐயர் கையெழுத்துப் போட்டால் பீடத்தில் ஏற விடுகிறோம், குரலை எடுத்துக்கொள்ளட்டும், வேலைக்கும் பேராயரிடம் நான் சொல்கிறேன் என்றார்.

ஐயர் தாளை வாங்கி வாசித்தார். மடித்துத் திரும்பக் கொடுத்தார்.

“அவங்களுக்கு வாய்தான் இல்ல அண்ணாச்சி, கை இருக்கு” என்றாள் ஐயரம்மா. “எழுதணும்னா என்னிக்கோ எழுதியிருப்பாங்க.”

“அப்ப எம் மக கல்யாணம்?”

“அதை நாங்களா நிறுத்தினோம்? கேள்வியைக் கேட்கவே விடாம பதில் சொன்னது யாரு?”

தங்கப்பழம் தாளோடு இறங்கிப் போனார். வீட்டில் ஷீபா அவருக்குச் சோறு வைத்துக்கொண்டே, முடிக்க விடுங்கப்பா, கேட்டு முடிக்கட்டும், பிறவு உங்களுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க என்றாள். மகள் சொன்னதில் தங்கப்பழத்துக்குப் பாதிதான் காதில் விழுந்தது, பிறவு என்கிற பாதி. அதுதான் சரி என்று பட்டது. ஐயர் ஏறட்டும், கேள்வி முடியட்டும், அதன்பிறகு முறைப்படி எழுந்து முறைப்படித் தடை சொல்லலாம், ஒருவர் இல்லை, சபையே எழுந்து சொல்லலாம். சபை மன்றம் கூடியது. யார் முதலில் எழுவது, யார் எந்த வசனம் வாசிப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்து கேட்காமலே ஐயரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

ஜெபநேசன் ஐயர் வந்த ஞாயிறு கோயில் கொள்ளவில்லை. அங்கி இல்லை அவருக்கு, பறித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். ஹெப்சியும் லீதியாளும் பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்தார்கள், அவர்களைச் சுற்றி ஒரு கை அகலம் இடம்விட்டு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், கூட்டம் வர வர அந்த இடமும் நிறைந்துவிட்டது. ஆண்கள் பக்கம் முன்வரிசை முழுக்க வேதப் புத்தகம் மடியில், வசனத்தின்மேல் விரல்.

ஐயர் பீடத்தில் ஏறினார். அந்த உயரத்துக்கு அவர் தலை வந்ததும், மாசக்கணக்காக வெறும் காற்றில் கேட்ட செருமல் ஒரு தொண்டையிலிருந்து கேட்டது. பெண்கள் பக்கம் சிலர் அழுதார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. இந்தச் சபையைச் சேர்ந்த ஹெப்சிபாவும் இந்தச் சபையைச் சேர்ந்த லீதியாளும் பரிசுத்த விவாகத்தில் இணைய விரும்புகிறபடியால், இதற்கு நியாயமான தடை அறிந்தவர் யாராவது

இருந்தால், இப்போதே எழுந்து சபைக்கு முன்பாகச் சொல்லக்கடவர்.

நிறுத்தினார்.

அமைதி. ஆனி முதல் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வாயை மூடித் தலை குனிந்து பழகிய சபை, அன்றைக்கும் வாயை மூடித் தலை குனிந்தது. திறக்கவேண்டும் என்று முடிவு செய்து வந்த வாய்கள்தான். திறக்கவில்லை. விரல்கள் வசனத்தின்மேலேயே இருந்தன, சிலருடைய விரல் வேர்த்துத் தாள் நனைந்தது. வெளியே கடலைக்காரன்கூடப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தியிருந்தான்.

தங்கப்பழம் மட்டும் எழுந்தார். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முட்டி நடுங்க எழுந்தார். தன் பங்குக்கு வந்த வசனத்தைச் சொல்லவேண்டும் என்று வந்தவர், பெண்கள் பக்கம் திரும்பித் தங்கச்சி மகளைப் பார்த்துவிட்டார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு அவரிடம் ஓடிவந்து காட்டியவள், அவர் மாப்பிள்ளை என்று கொண்டுவந்த எல்லாருக்கும் காப்பி கொடுத்தவள். அவர் நின்றார். வாய் திறந்திருந்தது.

ஹெப்சி எழவில்லை. உட்கார்ந்தபடியே, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். “உக்காருங்க மாமா. முட்டி வலிக்கும்.”

அவர் உட்கார்ந்தார். முட்டிக்காக உட்கார்ந்தாரா வேறு எதற்காவதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்கிற ஆளில்லை.

“இது முதல் ஓலை” என்றார் ஐயர். பிறகு ஷீபாவின் ஓலையை வாங்கி அதையும் வாசித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். குரல் அவரோடு இறங்கியது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று சாயங்காலமே கொஞ்சம் குடும்பங்கள் இனி இந்தக் கோயிலுக்கு வருவதில்லை என்று கிளம்பி ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஷெட் போட்டார்கள். பேராயர் ஆபீசிலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது, ஜெபநேசன் இனி எந்தப் பீடத்திலும் ஏறக்கூடாது என்று. ஹெப்சியின் பள்ளிக்கூடத்தில் அவளிடம் விளக்கம் கேட்டார்கள். லீதியாளின் அண்ணன் அவளைத் தெருவில் பார்த்துக் காறித் துப்பினான். அதெல்லாம் நடந்தது, இன்னும் நடக்கிறது.

அடுத்த ஞாயிறு கதவு திறந்தபோது கோயில் பேசாமல் இருந்தது. பெண்கள் குடையைப் பிடித்தபடியே நின்றார்கள், எப்போது மடக்குவதென்று தெரியாமல். ஜெபநேசன் ஐயர் சாதாரண ஆளாக வந்து கடைசி பெஞ்சில், தூணோரம் உட்கார்ந்தார். டார்வின் ஐயர் ஷீபாவின் இரண்டாம் ஓலையோடு ஏறினார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. யார் குரலும் வரவில்லை, அவர் குரலும் வரவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடியும் திறந்தார். சபைக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்துவிட்டது, புரிந்ததால் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கப்பழம் எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார், பீடத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து.

“என் தங்கச்சி மக முன்னால நிக்கா. அவளை முடிச்சிட்டு வாரும்.”

டார்வின் ஐயரிடம் அந்த ஓலை இல்லை. அந்த ஊரில் யாருக்கும் அது தாளில் தேவைப்படவில்லை. பேராயரை நினைத்தாரோ, சம்பளத்தை நினைத்தாரோ, கொஞ்ச நேரம் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, ஒரு செருமல் செருமினார். இந்தச் சபையைச் சேர்ந்த ஹெப்சிபாவும் என்று ஆரம்பித்தார். குரல் வந்தது, அவருடைய சொந்தக் குரல். யாராவது என்ற இடத்தில் பழக்கத்தில் நின்றுவிட்டார். சபையும் நின்றது. பிறகு இருந்தால் என்றார், இப்போதே எழுந்து என்றார், சபைக்கு முன்பாகச் சொல்லக்கடவர் என்று முடித்தார்.

அமைதி வந்தது.

கடைசி பெஞ்சில் ஜெபநேசன் ஐயருக்கு இழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. வேலை போய், வீடு போய், குரல் ஒன்றைத்தான் திரும்ப வாங்கியிருந்தார். அந்தக் குரல் இப்போது தொண்டைக்கு வந்து இருமலாக நின்றது. அவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண் பிதுங்கியது, நெற்றி நரம்பு புடைத்தது, ஐயரம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு சின்ன சத்தமும் இல்லாமல் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“இது இரண்டாம் ஓலை” என்றார் டார்வின் ஐயர்.

அதன்பிறகுதான் ஜெபநேசன் ஐயர் இருமினார்.